'கரண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்

கடையிலே விளக்கு அணைந்துவிட்டால் "கரண்ட் போய்விட்டது" என்கிறோம். பாங்கியிலே 'கரண்ட் அக்கவுண்ட்' வைத்திருக்கிறோம். வெளியூர் வியாபாரி எழுதும் கடிதத்தில் 'கரண்ட் பிரைஸ்' என்று வருகிறது. இவை மூன்று வேறு சொற்கள் என்று எண்ணுவோர் உண்டு. மூன்றும் ஒன்றே.

இலத்தீன் மொழியில் 'குர்ரேரே' என்றால் ஓடுதல். அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது. முதலில் ஓடுவதையும் நீரோட்டத்தையும் குறித்தது. 16-ஆம் நூற்றாண்டில், ஜனங்களிடையே பரவி வழங்கும் பேச்சு, வழக்கம், நாணயம் எல்லாவற்றுக்கும் ஆயிற்று. மறு நூற்றாண்டின் முடிவில் 'கரன்ஸி' என்பது கைமாறி ஓடும் பணத்துக்குப் பெயராயிற்று. மின்சாரத்துக்கு வந்தது அதற்கும் பின்னால்தான்.

ஆங்கிலேயர் 'ஓடுகிறது' என்று சொன்னதை நம் முன்னோர் 'நடக்கிறது', 'செல்கிறது' என்றார்கள். நடப்புக் கணக்கு, நடப்பு விலை, செலாவணி, செல்லாக் காசு என்பனவெல்லாம் அந்தக் கருத்தில் பிறந்தவையே. ஆகையால் தமிழ் வியாபாரிக்கு இந்தச் சொல் அவ்வளவு அந்நியமானதன்று.

பரவியிருப்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு சொற்களும் உள. 'ரைஃப்' என்பது பெரும்பாலும் நோய், வதந்தி, லஞ்சம் போன்ற தீயவற்றுக்கே வரும். "எங்கள் சரக்கு ஊரெங்கும் ரைஃப்" என்று விளம்பரம் எழுதினால் படிப்பவர் சிரிப்பார். 'பிரிவலண்ட்' என்பதற்குள் வலிமை என்னும் பொருள் இருக்கிறது. மற்றவற்றை மிஞ்சி நிற்பது அது. 'யுபிக்விட்டஸ்' என்பது எங்கே பார்த்தாலும் இருப்பது. 'கரண்ட்' என்பதற்கோ காலமும் சேர்ந்திருக்கிறது. இன்று ஓடுவது நாளை நின்றுபோகலாம்.

இதற்கு நம் பினாங்கைவிட நல்ல உதாரணம் வேண்டுவதில்லை. 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இத்தீவில் கொடியேற்றிய காலத்தில், இந்தக் கடல்களெங்கும் ஓடிய நாணயம் ஸ்பெயின் நாட்டு வெள்ளி டாலர். மெக்ஸிகோ போன்ற தூர தேசங்களில் அடித்தது அது. அதன் விளிம்பிலிருந்த வெட்டுக்களைக் கண்டுதான் மலாய்க்காரர் அதை 'ரிங்கிட்' என்றார்கள். நாம் அதன் உலோகத்தைக் கண்டு 'வெள்ளி' என்றோம். இரண்டு பெயரும் இன்றுவரை நிலைத்துவிட்டன. 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஒரே ஆட்சியின் கீழ் வந்தன. சர்க்கார் கணக்கை ரூபாயில் எழுதினார்கள். கடைத்தெருவோ டாலரிலேயே பேரம் பேசியது. ரூபாய்க்குச் சட்டத்தின் பலம் இருந்தது, ஓட்டம் இல்லை. டாலருக்கு ஓட்டம் இருந்தது. கடைசியில் 1867 ஏப்ரலில் இப்பிரதேசம் இந்திய நிர்வாகத்தினின்று பிரிந்தபோது சட்டமும் டாலரின் பக்கம் வந்து சேர்ந்தது. கடைத்தெரு ஜெயித்தது என்றே சொல்லவேண்டும்.

இதற்கு நேர்மாறானதும் இங்கே நடந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தபின் தங்கள் நோட்டுக்களைப் புழக்கத்தில் விட்டார்கள். பத்து டாலர் நோட்டில் வாழை மரம் இருந்ததால் அதற்கு வாழைமர நோட்டு என்றே பெயர். பின்னால் அச்சிட்டவற்றில் வரிசை எண்கூட இல்லை. அச்சு ஓட ஓட மதிப்பு இறங்கிற்று. அந்த நோட்டு இல்லாத கையே இல்லை, அவ்வளவு 'கரண்ட்'. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் அது செல்லாது என்றாயிற்று. சரக்காக வைத்திருந்தவர் தப்பினார். நோட்டாகப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தவருக்குக் காகிதமே மிச்சம். எங்கும் பரவியிருப்பது வேறு, சட்டப்படி செல்லுவது வேறு என்பதை அகராதி இல்லாமலே கற்றுக்கொண்ட தலைமுறை அது.

ஆகவே கடிதத்தில் 'கரண்ட் ரேட்' என்று கண்டால், எந்தத் தேதிக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தேதியில்லாத நடப்பு விலைக்கு அர்த்தமே கிடையாது. பழைய வியாபாரக் கடிதங்களில் தேதி எண்ணுக்குப் பின் 'கரண்ட்' என்று வருவதும் உண்டு. அங்கே அது 'இம்மாதம்' என்று பொருள்படும். 'அக்கவுண்ட் கரண்ட்' என்பது இரு வியாபாரிகளுக்கிடையே பற்று வரவு ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு, தீர்ந்துபோன கணக்கன்று.

மளிகை வியாபாரம் செய்வோருக்கு இன்னும் ஒன்று. கேக்கில் போடும் சின்ன உலர்ந்த திராட்சைக்கும் 'கரண்ட்' என்றுதான் பெயர். ஒலி ஒன்றானாலும் எழுத்து வேறு. நடுவே 'ஈ' வராது, 'ஏ' வரும். கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. ஓடுவதற்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. விலைப் பட்டியலில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.