மோட்டார் பாட்டரியைக் கொண்டு சிறு மின் கருவிகளை நடத்தும் முறை

காங்கேயம் வட்டாரத்தில் கிளுவை வேலி அடைத்த கொறங்காடுகளுக்கு நடுவே ஆட்டுப்பட்டிகளும் தோட்டத்துச் சாளைகளும் தனித்தனியே அமைந்திருப்பது வழக்கம். மின் கம்பி எட்டாத பட்டியிலும், மழைக்காற்றில் மின்சாரம் நின்றுபோன சாளையிலும் ஒரு விளக்கு, ஒரு வானொலி, ஒரு கைப்பேசி ஆகியவற்றை நடத்த மோட்டார் வண்டியின் பாட்டரி போதுமானது. ஆயினும், முறையறியாது கையாண்டால் கருவியும் கெடும், பாட்டரியும் கெடும், சிற்சில சமயம் வீடும் தீப்பற்றும். இவற்றைத் தவிர்க்கும் வழியே இப்பாடத்தின் பொருளாகும்.

முற்கால வழக்கம்

இவ்வேற்பாடு புதியதன்று. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. சென்னை வானொலி நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் திறக்கப்பெற்றன. ஆனால் அக்காலத்தில் மிகப் பல கிராமங்களுக்கு மின்சாரம் எட்டவில்லை. அத்தகைய இடங்களில் வானொலிப் பெட்டிகள் பாட்டரியைக் கொண்டே நடைபெற்றன. அப்பெட்டிகளின் வால்வுகளுக்கு உயர்ந்த அழுத்தம் தேவைப்பட்டமையால், 6 வோல்ட்டுப் பாட்டரியின் மின்சாரத்தை ‘வைப்ரேட்டர்’ என்னும் அதிர்கருவி விட்டுவிட்டுப் பாயச் செய்து, டிரான்ஸ்பார்மர் வழியாக உயர்த்தும் முறையும் கையாளப்பட்டது. 1947-ல் டிரான்ஸிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் நிலைமை மாறிற்று. அன்று அழுத்தத்தை உயர்த்த வேண்டியிருந்தது. இன்று குறைக்க வேண்டியிருக்கிறது. பாட்டரியைப் பேணும் விதிகளோ அன்றும் இன்றும் ஒன்றேயாம்.

பாட்டரியின் இயல்பு

மோட்டார் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகளும், நீர் கலந்த கந்தகத் திராவகமும் உள்ளன. அறை ஒன்றுக்குச் சுமார் 2.1 வோல்ட்டு வீதம், நிறைந்த பாட்டரி ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு காட்டும். 12.2 வோல்ட்டுக்கு இறங்கினால் பாதியளவு செலவாயிற்று என்று கொள்ளலாம். வண்டியின் எஞ்சின் ஓடும்போது அதே முனைகளில் 14 வோல்ட்டளவும் இருக்கக்கூடும். ஆதலால் 5 வோல்ட்டிலோ 9 வோல்ட்டிலோ இயங்கும் கருவியை நேரே அதில் இணைத்தல் கூடாது.

அழுத்தத்தைக் குறைத்தல்

குறுக்கே ஒரு தடைக் கம்பியை வைத்து அழுத்தத்தைக் குறைப்பது நம்பத்தக்கதன்று. கருவி இழுக்கும் மின்சாரம் மாறுந்தோறும் அழுத்தமும் மாறும். 7805 என்னும் சில்லு எப்பொழுதும் 5 வோல்ட்டையே தரும். ஆனால் எஞ்சிய அழுத்தம் வெப்பமாக வீணாகும். 12.6 வோல்ட்டிலிருந்து 1 ஆம்பியர் எடுத்தால் கருவிக்குச் சேர்வது 5 வாட்டு; வீணாவது 7.6 வாட்டு. மின்சாரத்தை விரைவாக வெட்டி வெட்டிக் கொடுக்கும் ‘பக் கன்வெர்ட்டர்’ வகையில் இவ்விழப்பு மிகக் குறைவு. வண்டிகளில் கைப்பேசிக்கெனச் செருகும் சார்ஜர் இவ்வகையைச் சேர்ந்ததே.

பியூஸ் இன்றியமையாதது

12 வோல்ட்டு உடலை அதிர வைப்பதில்லை என்பது கொண்டு பாட்டரியை எளிதாக எண்ணலாகாது. அதன் இரு முனைகளையும் ஒரு திருகுசாவி தொட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், இரும்பு பழுக்கும், மெல்லிய கம்பியாயின் எரியும். ஆகவே பாட்டரியின் நேர் முனைக்கு மிக அருகில், கம்பி தொடங்கும் இடத்திலேயே பியூஸ் வைத்தல் வேண்டும். கருவிக்குப் பக்கத்தில் வைத்த பியூஸ் நடுவழியில் கம்பி உரசினால் காப்பாற்றாது. கீழே கணக்கிடும் கருவிகளுக்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். கம்பி அதற்குமேல் தாங்குவதாய் இருத்தல் அவசியம்.

கம்பியின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியைப் பத்து மீட்டர் தூரம் இழுத்தால், போக்கும் வரவும் சேர்ந்து 2 ஆம்பியருக்குச் சுமார் 0.7 வோல்ட்டு வழியிலேயே குறைந்துபோம்.

செலவுக் கணக்கு

35 ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரியை எடுத்துக்கொள்வோம். வண்டிப் பாட்டரி எஞ்சினைக் கிளப்பும் கண நேரத்திற்கு மிகுந்த மின்சாரம் தருவதற்காக மெல்லிய தகடுகளால் ஆனது. அதனை அடியோடு வற்றச் செய்தால் விரைவில் பாழாகும். மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 12 ஆம்பியர்-மணி மட்டும் செலவிடுதல் நலம்.

5 வாட்டு எல்.ஈ.டி. விளக்கு 4 மணி நேரத்திற்கு: 1.7 ஆம்பியர்-மணி.
3 வாட்டு வானொலி 3 மணி நேரத்திற்கு: 0.8.
கைப்பேசி சார்ஜர் 2 மணி நேரத்திற்கு: 2.0.
ஆக நாளொன்றுக்கு: 4.5.

எனவே இரண்டு நாட்கள் உபயோகித்து மூன்றாம் நாள் மின்னேற்றம் செய்தல் வேண்டும். மின்னேற்றும் அளவு கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கான 3.5 ஆம்பியருக்கு மிகாதிருப்பது நன்று. சூரியத் தகடு வைப்போர் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கருவியையும் சேர்த்தே வைத்தல் வேண்டும்.

பாதுகாப்பு

மின்னேற்றும்போது எளிதில் வெடிக்கும் ஹைட்ரஜன் வாயு எழுமாதலால் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அருகே பீடியும் சிம்னி விளக்கும் ஆகா. நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். திராவகம் கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே ஏராளமான தண்ணீரால் கழுவி, கண்ணாயின் தாமதியாது வைத்தியரிடம் செல்லல் வேண்டும். கழற்றும்போது எதிர் முனையை முதலிலும், பூட்டும்போது இறுதியிலும் கையாளுக.

சங்கத்தார் செய்யத்தக்கது

வோல்ட்டுமானி, திராவகத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ராமீட்டர், நல்ல சார்ஜர் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே வாங்குவது வீண் செலவு. சங்கம் ஒரு தொகுதியைப் பொதுவில் வைத்து, பழகிய அங்கத்தினர் ஒருவர் பொறுப்பில் விட்டு, ஒவ்வொரு பாட்டரிக்கும் மின்னேற்றிய தேதியையும் வோல்ட்டையும் ஓர் ஏட்டில் குறித்து வரச் செய்யலாம். அவ்வேட்டைப் பார்த்தாலே எந்தப் பாட்டரி தளர்ந்து வருகிறது என்பது, அது இருளில் கைவிடுவதற்கு முன்னரே தெரிந்துவிடும்.