பாம்புக்கும் பூச்சிக்கும் பெயர் சொல்லப் பழகும் பிள்ளைகளுக்கு

1. ஊர்ப் பழக்கத்தில் பெயர் சொல்லாதீர்கள். சிட்னியில் துங்காபி ஓடைக்கரையில் மெலிந்த பழுப்புப் பாம்பைக் கண்டால் நம்மவர்கள் "சாரைதானே" என்று கிட்டப் போய்விடுவார்கள். அவுஸ்திரேலியாவில் சாரை கிடையாது. அது ஈஸ்டர்ன் பிரவுனாக இருக்கலாம். இந்நாட்டில் பாம்புக்கடி மரணங்களில் பெரும்பாலானவை அதனால்தான். தலை முக்கோணமாக இருந்தால்தான் விஷம் என்ற கணக்கும் உதவாது. இங்கே புடையன் குடும்பமே இல்லை. கொடிய தரைப்பாம்புகள் எல்லாம் நாகத்தின் உறவுகள்.

2. நிறத்தை நம்பாதீர்கள். மெல்பேர்ண் பக்கத்து டைகர் பாம்புகள் சிலவற்றில் பட்டையே தெரியாது. ஈஸ்டர்ன் பிரவுன் குட்டிக்கோ தலையில் கறுப்புத் திட்டு, சிலவற்றுக்கு உடல் முழுக்க வளையங்கள். படத்தில் தலை, கழுத்து, நடு உடலின் செதில் வரிசை தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். படம் எடுத்த இடத்தையும் மாதத்தையும் கேளுங்கள்.

3. நல்ல படத்துக்காக ஓர் அடியும் முன்னே வைக்காதீர்கள். தள்ளி நின்று ஸூம் செய்தால் போதும். கடித்துவிட்டால் படமெடுக்கப் பாம்பின் பின்னால் ஓடவே கூடாது. வைத்தியர்கள் பாம்பைப் பார்க்காமலே மருந்தைத் தீர்மானிப்பார்கள். விஷ ஆய்வாளர் ஸ்ட்ருவன் சதர்லண்ட் 1979இல் வெளியிட்ட முறைப்படி கடிபட்ட கையை அல்லது காலை இறுக்கமாகக் கட்டுப்போட்டு, அசையாமல் வைத்து, அவசர எண் 000ஐ அழையுங்கள்.

4. புல்லுக்குள் கால் மறைந்த நீலநாக்கு அரணையைப் பாம்பென்று அடித்துக் கொல்கிறார்கள். மனம் பொறுக்கவில்லை. காதுத் துளை தெரிந்தால் அது பாம்பு அல்ல.

5. பூச்சிக்கு ஒரு படம் போதாது. கிறிஸ்மஸ் வண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேரினத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் பொன்னிற முதுகு மட்டும் மினுங்கும். அதை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. பின்னங்கால் நகங்கள் இரண்டும் ஒரே நீளமில்லை என்பது பக்கவாட்டில்தான் தெரியும். இனத்தைப் பிரிக்க முகத்தின் முன்விளிம்பும் வால்நுனி மயிரும் வேண்டும். ஆகவே மேல், பக்கம், முகம், வால் என்று நான்கும் எடுங்கள். மஞ்சளும் கறுப்புமாய்க் குளவிபோல வருவதற்கு இறக்கை ஒரே சோடியா என்று பாருங்கள். ஒரே சோடியென்றால் அது ஈ.

6. தெரியாத இடத்தில் நிறுத்துங்கள். "இந்தப் பேரினம் வரை சொல்லலாம், இனம் தெரியவில்லை" என்று எழுதுவது முழுமையான பதில்தான். உயிரினப் படங்களுக்குப் பலர் சேர்ந்து பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் முன்னவர் வைத்த பெயருக்குப் படத்தைப் பாராமல் தலையாட்டாதீர்கள். பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துக்கொண்டதும் அது உறுதியான பதிவாகி, அட்லஸ் ஒஃப் லிவிங் அவுஸ்திரேலியா என்ற தேசியத் தரவுத்தளத்துக்குள் போகிறது. கிறிஸ்மஸ் வண்டுகள் குறைகின்றனவா என்று கேட்கும் ஆய்வாளர்கள் அங்கேதான் தேடுகிறார்கள்.