0.625 இறக்கினேன், துளை நகர்ந்தது

அறுபது அலுமினிய ஹவுசிங் திரும்பி வந்ததற்கு என் ரிப்போர்ட்தான் காரணம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று என்னை மட்டும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்களே, அது இன்னும் ஆறவில்லை.

அம்பத்தூரில் ஒரு மெஷின் ஷாப்பில் சி.எம்.எம். பார்க்கிறேன். மூடி உட்காரும் முகத்தில் எட்டு டேப் ஹோல். எம்8, பிட்ச் 1.25, பொசிஷன் 0.2. டேட்டம், அலைன்மென்ட் எல்லாம் வழக்கம்போல. 1 மி.மீ. ரூபி பந்தால் ஒவ்வொரு துளையிலும் ஒரே ஆழத்தில் நாலு புள்ளி தொட்டேன். இந்த ஒரே ஆழம்தான் என்னைக் கவிழ்த்தது.

பொசிஷன் 0.3ஐத் தாண்டியது. எட்டுத் துளையும் ஒரே பக்கம் 0.15 நகர்ந்திருந்ததால் ஆஃப்செட் தவறு என்று எழுதிக் கொடுத்தேன். வி.எம்.சி. ஓட்டும் அண்ணன், "தம்பி, நேத்துலேர்ந்து ஆஃப்செட்ட நான் தொடவே இல்ல" என்றார். "சி.எம்.எம். பொய் சொல்லாது" என்று மேலாளர் அவர் வாயை அடைத்தார். திருத்திய பிறகு என் ரிப்போர்ட்டில் எல்லாம் சரி. வாடிக்கையாளரின் கேஜ் மட்டும் ஒன்றில்கூட உட்காரவில்லை.

அன்றிரவு அதே துளையை அரை பிட்ச், அதாவது 0.625, இறக்கி அளந்தேன். மையம் எதிர்ப்பக்கம் தாவியது. மரை சுற்றிக்கொண்டே இறங்குகிறது. ஒரே ஆழத்தில் தொட்டால், ஒரு பக்கம் பந்து பள்ளத்தில் 0.3 அளவுக்கு இறங்கும், எதிர்ப்பக்கம் மேட்டில் நிற்கும். அதில் பாதி மையத்தில் ஏறும். பொசிஷன் கணக்கில் அது மறுபடி இரட்டிப்பாகும். எங்கள் வி.எம்.சி.யில் ஸ்பிண்டில் ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் நின்றுதான் டேப் இறங்கும். அதனால்தான் எட்டும் ஒரே பக்கம் காட்டின. 3 மி.மீ. பந்து போட்டிருந்தால் பிழை குறைந்திருக்கும், தீர்ந்திருக்காது.

சாஃப்ட்வேரில் பிட்ச் போடும் கட்டம் இருக்கிறது. 1.25 போட்டால் நாலு புள்ளிக்கும் இடையே 0.3125 வீதம் ப்ரோப் நகரும். எல்லாப் புள்ளியும் மரையின் ஒரே இடத்தில் விழும். வலது மரைக்குரிய குறியைச் சரிபாருங்கள், சாம்ஃபரைத் தாண்டித் தொடங்குங்கள். அதில் வரும் விட்டத்தை நம்ப வேண்டாம், மையம் போதும். பயிற்சி கொடுக்க வந்தவர் இந்தக் கட்டத்தைக் காட்டவே இல்லை. புரொஜெக்டட் டாலரன்ஸ் கேட்டிருந்தால் மரை பின் முறுக்கி, வெளியே நிற்கும் தண்டை அளப்பதுதான் வழி.

"டேப் போடுமுன் ட்ரில் ஹோலை அளந்தால் போதும்" என்று எங்கள் சீனியர் இன்னமும் சொல்கிறார். டிராயிங்கில் வேறு குறிப்பு இல்லாவிட்டால் பொசிஷன் பிட்ச் விட்டத்தின் அச்சுக்குத்தான். ட்ரில் போன வழியே டேப் போகும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

டேப் ஹோல் எல்லாம் ஒரே பக்கம் நகர்ந்ததாக ரிப்போர்ட் வந்தால், ஆபரேட்டரைத் திட்டுமுன், ஆஃப்செட்டைத் தொடுமுன், அரை பிட்ச் இறக்கி ஒருமுறை அளந்து பாருங்கள்.