திரை சொல்லாததைக் கேட்கத் தெரிந்தவர்

மணலி புதுநகரில் ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்களில் ஐடிஐ படித்தவரும் உண்டு, பி.டெக் முடித்தவரும் உண்டு. ரிஃபைனரி, உர ஆலை, எண்ணூர் லாரி கம்பெனி, வல்லூர் அனல்மின் நிலையம் என்று ஆளுக்கொரு திசை. அங்கெல்லாம் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைமை ஏற்பவருக்குக் கைவேலை தெரிந்திருக்க வேண்டுமா? இதைப் பற்றி உலவும் மூன்று நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: எல்லாமே கண்ட்ரோல் ரூம் திரையில் தெரியும்போது மேலதிகாரிக்கு ஃபீல்டு அனுபவம் எதற்கு?

உண்மை: 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி ரிஃபைனரியில் ஒரு யூனிட்டை ஸ்டார்ட்-அப் செய்துகொண்டிருந்தார்கள். 170 அடிக் கோபுரம் நிரம்பிக்கொண்டே போனது. திரையிலோ மட்டம் மெல்ல இறங்கியது. அந்தக் கருவியால் கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டுமே அளக்க முடியும். மட்டத்தைக் கண்ணால் பார்க்க வைத்திருந்த கண்ணாடிக் குழாய் அழுக்கேறிக் கிடந்தது. அனுபவமுள்ள சூப்பர்வைசர் வீட்டு அவசரத்துக்காகக் கிளம்பிவிட்டார். அவருக்கு ஈடான ஒருவரை அங்கே போடவில்லை. நிரம்பி வழிந்த எண்ணெய் தீப்பிடித்து வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். மணிக்கணக்கில் உள்ளே எண்ணெய் போகிறது, வெளியேறும் வால்வு மூடியிருக்கிறது, பிறகு மட்டம் எப்படி இறங்கும்? பைப் லைனைப் பிடித்து நடந்து பழகியவருக்கு இந்தக் கேள்வி சட்டென்று வரும்.

நம்பிக்கை 2: கைப்பட வேலை கற்றவரின் முடிவு தப்பாது.

உண்மை: தப்பும். 1979 ஆகஸ்ட் 10, பழவேற்காட்டுக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எல்.வி-3 ராக்கெட் ஏவுதலை நிறுத்தச் சொன்னது கணினி. பாதகமில்லை என்றார்கள் உடனிருந்த நிபுணர்கள். கைப்பட வேலை கற்றவரான திட்ட இயக்குநர் அப்துல் கலாம் கணினியை மீறி ஏவச் சொன்னார். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்திருந்ததால் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவண் பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் காற்றுச் சுரங்கம் கட்டிச் சோதனைகள் செய்தவர் அவர். தோற்ற குழுவைக் கலைக்காமல் வைத்திருந்தார். 1980 ஜூலை 18-ல் அதே குழு வென்றது. தவறு எங்கே, எப்படி நேரும் என்பதைக் கைப்பட அறிந்தவரால்தான் தவறியவரைத் தாங்கவும் முடிகிறது.

நம்பிக்கை 3: ஸ்பேனர் பிடிக்காதவரால் இன்ஜினியரிங் கம்பெனியை நடத்த முடியாது.

உண்மை: எண்ணூரில் வளர்ந்த அசோக் லேலண்டின் நிர்வாக இயக்குநராக 1998-ல் பொறுப்பேற்ற ஆர். சேஷசாயி, பட்டயக் கணக்காளர். பத்தாண்டுக்கு மேல் கம்பெனியை நடத்தினார். முதலீடு, சந்தை, ஆள்பலம் ஆகியவற்றை எடைபோட அந்தப் படிப்பு கைகொடுக்கும். யூனிட்டை ஓட்டலாமா, நிறுத்தலாமா என்று தீர்மானிக்கும் நாற்காலி வேறு. அங்கே உட்காருபவருக்கு வால்வும் வெப்பமும் பழகியிருக்க வேண்டும்.

அந்தப் பழக்கத்துக்கும் ஆயுள் உண்டு. பத்து வருடம் முன்பு பார்த்த யூனிட்டில் இன்று கருவிகள் மாறியிருக்கும், ஆட்கள் மாறியிருப்பார்கள். பதவி உயர்ந்த பிறகும் ஒவ்வொரு ஷட்டவுனிலும் சில நாள் ஹெல்மெட் மாட்டி இறங்க வேண்டும். கான்ட்ராக்ட் ஃபிட்டர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். பதவி உயர்வுப் பட்டியல் போடும் நிர்வாகங்கள் இதை எழுத்திலேயே நிபந்தனையாக்கட்டும். ஆலை வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் நமக்கு, அதைக் கேட்கும் உரிமை உண்டு.