இன்டர்வியூவுக்கு முந்தின இரவு, சென்னையில் ஒரு சிங்கிள் ரூம்

காலை 10 மணிக்கு இன்டர்வியூ என்றால், ஊர் தேனியோ திருநெல்வேலியோ, முந்தின நாள் சாயங்காலமே சென்னைக்கு வந்துவிடுங்கள். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் குலுங்கிவிட்டு, ஸ்டேஷன் குழாயில் முகம் கழுவிக்கொண்டு நேரே ரிசப்ஷனில் போய் உட்காருகிற சாகசம் வேண்டாம். சித்தப்பா வீடு இருக்கிறதே என்பீர்கள். பாசமான வீடுதான். ஆனால் பதினொரு மணி வரை ஊர்க்கதை ஓடும், காலையில் பாத்ரூமுக்கு நாலு பேர் காத்திருப்பார்கள். ஒரு ராத்திரிக்கு ரூம் எடுப்பதே மேல்.

எங்கே எடுப்பது? எழும்பூரில் இறங்கியதும் எதிரே கென்னத் லேனுக்குள் நுழைவது தென்மாவட்டத்தாரின் பழக்கம். ஆபீஸ் கிண்டியில் என்றால் அது சரி, எழும்பூரிலிருந்து மின்சார ரயில் நேராகப் போகிறது. ஈக்காட்டுத்தாங்கலுக்கு மெட்ரோ இருக்கிறது. சிறுசேரி என்றால் எழும்பூரை மறந்துவிடுங்கள். 30 கிலோமீட்டருக்கு மேல் தூரம், போதாக்குறைக்கு ஓ.எம்.ஆர். நெடுக மெட்ரோ வேலை. தென்மாவட்ட பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் நகருக்குள் நுழையாமலே ஓ.எம்.ஆர். போய்ச் சேரலாம். (கிளாம்பாக்கம் வேறு, கேளம்பாக்கம் வேறு. ஆட்டோவில் ஏறும்போது நிறுத்திச் சொல்லுங்கள்.) ஆபீஸ் பக்கத்தில் வாடகை முந்நூறு, நானூறு கூடினாலும் பரவாயில்லை.

போன் செய்ததும் வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டியது, ‘செக் அவுட் 24 மணி நேரமா, பகல் 12 மணியா?’ என்பதை. சாயங்காலம் ஏழு மணிக்கு அறைக்குள் போகிறீர்கள். 24 மணி நேரக் கணக்கு என்றால், மறுநாள் இன்டர்வியூ முடிந்து வந்து, குளித்து, சட்டை மாற்றி, ஏழு மணிக்குக் கிளம்பலாம். 12 மணிக் கணக்கு என்றால் காலையிலேயே காலி செய்ய வேண்டும். பையைக் கவுன்ட்டரில் வைத்துக்கொள்வார்களா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு ஸ்டேஷன் ரிட்டயரிங் ரூமும் உண்டு. கன்ஃபர்ம் ஆன அல்லது ஆர்.ஏ.சி. டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து ஐ.ஆர்.சி.டி.சி.யில் எடுக்கலாம்.

தனியாக வரும் பெண்களுக்கு இன்னொரு தொல்லை. ‘சிங்கிள் லேடீஸுக்கு ரூம் இல்லை’ என்று கவுன்ட்டரில் கையை விரிக்கிற லாட்ஜுகள் இன்னமும் இருக்கின்றன. சட்டத்தில் இல்லாத விதி, லாட்ஜ்காரர்களே போட்டுக்கொண்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு நின்று வாதாடிப் பயனில்லை. ஆப்பில் பணம் கட்டியிருந்தாலும் ரிசப்ஷனுக்குப் போன் போட்டு, ‘தனியாகத்தான் வருகிறேன்’ என்று சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாவியை வாங்குவதற்கு முன் அறைக்குள் போய் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் டி.வி., அவ்வளவுதான் இருக்கும், அது போதும். பார்க்க வேண்டியவை வேறு. உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா? ஜன்னல் வெளியே திறக்கிறதா, லிஃப்ட் சந்துக்கா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? சில இடங்களில் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான். பிளக் பாயின்ட் அநேகமாக டி.வி.க்குப் பின்னால் ஒளிந்திருக்கும், அதனால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பையில் இருக்கட்டும். படிக்கட்டை ஒட்டிய அறை என்றால் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். நடுராத்திரி பெட்டி இழுக்கும் சத்தத்தில் தூக்கம் போய்விடும்.

முதல் ரவுண்டை அறையிலிருந்தே வீடியோவில் முடிக்க வேண்டியிருந்தால் லாட்ஜ் வைஃபையை நம்பாதீர்கள். மொபைல் டேட்டா அந்த அறைக்குள் கிடைக்கிறதா என்று முந்தின ராத்திரியே ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் முகத்தில் வெளிச்சம் விழும். கட்டிலும் கொடியில் தொங்கும் துண்டும் கேமராவில் தெரிய வேண்டாம்.

ஆதார் நகல் கேட்பார்கள். கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுக்கலாம். நகலில் தேதியையும், எதற்காகத் தருகிறீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

பயணச் செலவைக் கம்பெனி தருவதாக இருந்தால் உங்கள் பெயர், தங்கிய தேதி, லாட்ஜின் ஜி.எஸ்.டி. எண் மூன்றும் பில்லில் இருக்கட்டும். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான். பழைய பழக்கத்தில் 12 போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். காலி செய்யும்போது ‘பில் புக் முதலாளிகிட்ட இருக்கு’ என்பார்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.