மாட்டின் இரைப்பையில் வாழும் பூசணங்கள்

பூசணம் என்றதும் நெற்பயிரின் குலைநோயும், மழையில் நனைந்து கெட்ட வைக்கோற்போருமே குடியானவர்களின் நினைவுக்கு வரும். ஆனால், உழவுமாடு தின்னும் வைக்கோலை அதன் பலமாக மாற்றித் தருவதில் சில பூசண இனங்களுக்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார்.

இரைப்பையில் நிகழ்வது. அசைபோடும் பிராணிகளின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. முதலறையில் பிராணவாயு இல்லை. அங்குள்ள சூடு சுமார் 39 டிகிரி சென்டிகிரேட். அதில் பாக்டீரியாக்களும், ஓரணுப் பிராணிகளும், பூசணங்களும் கூடி வசிக்கின்றன. பிராணவாயு இன்றிப் பூசணம் உயிர்வாழாது என்றே விஞ்ஞானிகள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். செம்மறியாட்டின் இரைப்பையில் வாலசைத்து நீந்தும் சில அணுக்களை ஓரணுப் பிராணிகள் என்று கருதிவந்தனர். அவை பூசணத்தின் வித்துக்களே என்று 1975-ம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்தைச் சேர்ந்த காலின் ஆர்ப்பின் என்பவர் கண்டறிந்தார்.

இவ்வித்துக்கள் மாடு மென்று விழுங்கிய தாளின் வெட்டுவாயில் ஒட்டி முளைத்து, வேர்போன்ற இழைகளை உள்ளே செலுத்துகின்றன. அவ்விழைகள் நாரைக் கரைக்கும் என்ஸைம்களைச் சுரப்பதுடன், கடினமான பாகங்களைப் பிளந்து தளர்த்தியும் விடுகின்றன. இறுகிய நிலத்தைக் கொழு முனை கீறுவது போன்றது இச்செயல். பிளந்த வழியே பாக்டீரியாக்களும் புகுந்து வேலை செய்கின்றன. மனிதர் குடலிலும் ஈஸ்ட் முதலிய பூசணங்கள் சிறு தொகையாக உண்டு. ஆயினும் வைக்கோலைச் செரிக்கும் இத்தகைய ஏற்பாடு நமக்கு இல்லை.

தீவனமும் பூசணமும். நார் மிகுந்த தீவனத்தால் இவை பெருகுகின்றன. தானியமும் மாவும் மிகுந்தால் குறைகின்றன. கந்தகச் சத்துக் குன்றிய நிலத்துப் புல்லைத் தின்ற ஆடுகளில் இவை அரிதாகவும், கந்தக உரமிட்ட புல்லைத் தின்றவற்றில் ஏராளமாகவும் இருந்தன என்று 1983-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி தெரிவிக்கிறது.

எச்சரிக்கை. மாட்டுப் பொங்கலன்று அன்பின் மிகுதியால் சோற்றையும் பொங்கலையும் அளவின்றி ஊட்டுவதும், மறுநாள் மாடு அசைபோடாமல் படுத்துவிடுவதும் பல கிராமங்களில் நான் கண்டவை. மாவுச்சத்து திடீரென மிகுந்தால் இரைப்பையில் புளிப்பு ஏறும். நாரைச் செரிக்கும் உயிர்கள் மடியும். மாடே இறந்துபோதலும் உண்டு.

கவனிக்க வேண்டியவை

1. தானியத்தையோ புதிய தீவனத்தையோ சிறிது சிறிதாகக் கூட்டி, 10 முதல் 14 தினங்களில் பழக்குக.

2. வைக்கோலை நறுக்கி இடலாம்; பொடியாக அரைத்தல் கூடாது.

3. வைக்கோலுடன் அகத்தி, வேலிமசால் போன்ற பசுந்தழைகளைச் சேர்த்து இடுக.

4. போரிலே பூசணம் பிடித்த வைக்கோலை ஒருபோதும் இடலாகாது. அது வேறு இனம்; நஞ்சு விளைப்பது. இரைப்பைப் பூசணத்தை அது வளர்க்காது.

5. மாடு அசைபோடுவதை நிறுத்தினால் கைமருந்தில் காலங்கடத்தாமல், அன்றே கால்நடை வைத்தியரை அழைத்துக் காட்டுக.