ட்ரெய்லரில் பாய்மரப் படகு: ரேணிகுண்டா, சித்தூர் தாண்டும் முன் பார்க்க வேண்டியவை

சென்னையிலிருந்து ஹைதராபாத் ஹுசேன் சாகர் போட்டிக்கு ரேணிகுண்டா, கடப்பா வழியாகப் போகலாம். பெங்களூரு அல்சூர் ஏரிக்கு சித்தூர், பலமநேர் வழி. எந்த வழியில் போனாலும், சின்னப் படகுகள் கெடுவது பெரும்பாலும் ட்ரெய்லரில்தான். தண்ணீர் படகின் அடி முழுவதையும் தாங்கும். ட்ரெய்லரோ நாலைந்து இடங்களில் மட்டுமே தாங்கும். அந்த இடங்கள் தப்பினால் 59 கிலோ லேசர் வகைப் படகுகூடப் பள்ளத்தோடுதான் இறங்கும்.

செய்ய வேண்டியவை

1. எடையைக் கீல் மேல் இறக்குங்கள். ட்ரெய்லரின் பக்கத்துப் பேடுகள் படகு சாயாமல் பிடிக்க மட்டுமே. எடை தாங்க அல்ல.

2. பேடுகளை உள்தடுப்புகளுக்கு நேராக வையுங்கள். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள்: தடுப்பு இருக்கும் இடத்தில் 'டொக்' என்று கெட்டியாகக் கேட்கும், வெற்று ஃபைபர் 'டப் டப்' என்று அதிரும்.

3. பின்பக்கம் கடைசி வரை முட்டுக் கொடுங்கள். அந்தரத்தில் தொங்கினால் அடி வளைந்துவிடும். அப்புறம் எவ்வளவு காற்று அடித்தாலும் வேகம் வராது.

4. லேசரை மட்டும் விளிம்பில் உட்கார வையுங்கள். டெக்கும் அடிப்பாகமும் சேரும் அந்த இடம்தான் கெட்டி.

5. கீலுக்கு அடியில் செய்தித்தாள் துண்டைச் செருகி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் எடை பேடுகள் மேல் இருக்கிறது என்று அர்த்தம்.

6. படகின் மூக்கை முன்கட்டையில் முட்ட வைத்து, அங்கேயே கீழ்நோக்கிக் கட்டுங்கள். மொகிலி காட் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் படகு உங்கள் காரை நோக்கித்தான் வரும்.

7. பாய்மரத்துக்கு இரு முனைகளிலும் நடுவிலும் தாங்கல் கொடுங்கள். நடுவில் விட்டால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் துள்ளித் துள்ளி வளையும்.

8. மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் ஹிட்ச் மேல் இறங்கட்டும். குறைந்தால் வேகமெடுக்கும்போது ட்ரெய்லர் வாலை ஆட்டும்.

9. நகரியிலோ புத்தூரிலோ டீ குடிக்க நிறுத்தும்போது சக்கரத்தின் நடுவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கில் கோளாறு. அங்கேயே மெக்கானிக்கைத் தேடுங்கள்.

10. அடிப் பிளக்கைக் கழற்றி, மூக்கைத் தூக்கி நிறுத்துங்கள். தேங்கும் மழைத் தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ; பேடுகள் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல.

செய்யக்கூடாதவை

1. விஞ்ச் பெல்ட்டை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். அது படகை மேலே இழுக்கத்தான். பிடித்து வைக்கத் தனிப் பெல்ட் வேண்டும்.

2. ராட்செட்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்காதீர்கள். விளிம்பு நெரிந்து, பேடு உள்ளே பதியும். அசையாமல் இருந்தால் போதும். பெல்ட்டுக்கு அடியில் துணி வையுங்கள்.

3. மே மாத வெயிலில் நாள்கணக்கில் திறந்தவெளியில் நிறுத்தாதீர்கள். 40 டிகிரி தாண்டும் திருப்பதி வெயிலில் ஃபைபர் இளகி, பேடு பதிந்த தடம் அப்படியே தங்கிவிடும்.

4. வெற்று ஃபைபரை உருளைகள் மேல் நிறுத்தி வைக்காதீர்கள். எடை முழுவதும் ஒரு புள்ளியில் குத்தும்.

5. ஈரக் கார்பெட் பேடு மேல் மாதக்கணக்கில் விடாதீர்கள். தண்ணீர் ஜெல்கோட்டுக்குள் ஊறிக் கொப்புளம் கிளம்பும்.

6. நங்கூரம், டூல்ஸ், மோட்டாரைப் படகுக்குள் போடாதீர்கள். குலுங்கும்போது உள்ளிருந்தே அடியைக் குத்தும். காரின் டிக்கியில் வையுங்கள்.

7. தார்ப்பாயைத் தொளதொளவென்று விடாதீர்கள். காற்றில் படபடத்து, மணலோடு சேர்ந்து பெயின்ட்டைத் தேய்த்துவிடும்.

8. ஓடிச் சூடான சக்கரத்தை உடனே தண்ணீரில் இறக்காதீர்கள். சூடு சட்டென்று இறங்கும்போது பேரிங் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பழவேற்காடு ஏரியின் உப்புத்தண்ணீர் என்றால் துருதான்.

9. ஜூன், ஜூலையில் இருட்டிய பிறகு சித்தூரைக் கடக்காதீர்கள். தோதாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலைகளுக்கு வரிசை கட்டும் சமயம். திடீர் பிரேக்கைத் தவிர்க்க முடியாது.

10. பதிவு இல்லாத ட்ரெய்லரை எடுக்காதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் வாகனம்தான். பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் படகுக்குப் பின்னால் மறையக்கூடாது.

பயணம் அடுத்த மாதம்தான் என்றாலும், நின்ற இடத்திலேயே பள்ளம் விழும். வெயில் தாழ்ந்ததும் ஒரு டார்ச்சோடு படகுக்கு அடியில் படுத்துப் பாருங்கள். தப்பான பேடை இன்றே நகர்த்திவிடுங்கள்.